சொல் விளக்கம்: எம்.ஐ.ஏ.

பழைய வீட்டுக் கணினி விளையாட்டுகளைத் தேடித் தொகுக்கும் ஆர்வலர்களின் பட்டியல்களைப் புரட்டினால், சில பெயர்களுக்கு எதிரே பதிவிறக்கும் இணைப்பு இராது. மூன்று எழுத்துகள் மட்டும் நிற்கும்: எம்.ஐ.ஏ. ‘மிஸ்ஸிங் இன் அக்‌ஷன்’ என்பதன் சுருக்கம் அது. அந்த விளையாட்டு ஒருகாலத்தில் விற்பனைக்கு வந்ததற்குச் சான்று உண்டு, ஆனால் தொகுப்பாளர்களின் கைக்கு ஒரு படிகூட வந்துசேரவில்லை என்பது பொருள். வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ கணினி படிக்கும் பிள்ளைகள் இத்தகைய பட்டியலொன்றைத் தமிழாக்க முனைந்தால் இடறப்போவது இந்த மூன்றெழுத்தில்தான். சட்டென்று வாயில் வருவது ‘காணாமல் போனவை’. அகராதிப்படி அதில் பிழை இல்லை. வட இலங்கையின் வன்னியில் இருந்து எழுதுகிறவர் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது என் கட்சி.

சொல் பிறந்த இடம் போர்க்களம். சண்டை முடிந்து ஆளெண்ணும்போது இறந்தவர், காயப்பட்டவர் என்ற இரண்டு நிரல்களிலும் அடங்காதவர்களுக்காக இராணுவ எழுத்தர்கள் வைத்துக்கொண்ட மூன்றாவது நிரல் அது. உடல் கிடைக்கவில்லை, சிறைப்பட்ட செய்தியும் இல்லை, ஆள் திரும்பவும் இல்லை. வியட்நாம் போர்க்காலத்திலும் அதன் பின்னரும், திரும்பிவராத படையினரின் குடும்பங்கள் அமெரிக்காவில் நடத்திய இயக்கத்தால் இந்தச் சுருக்கம் பொதுமக்கள் வாய்க்கு வந்தது. அதன்பின் ஆங்கிலத்தில் அதன் கனம் குறைந்துகொண்டே போனது. கூட்டத்துக்கு வராமல் மட்டம் போட்ட நண்பனையும் எம்.ஐ.ஏ. என்றார்கள். விளையாட்டுத் தொகுப்பாளர்கள் எடுத்துக்கொண்டது கனம் குறைந்த அந்தப் பிற்காலச் சொல்லைத்தான். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அவர்களுள் முதன்மையானவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டைன் வான் டெர் ஹைடே. 1995இல் அவர் தொடங்கிய ‘வேர்ல்ட் ஒஃப் ஸ்பெக்ட்ரம்’ என்ற தொகுப்பு, இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற ஒரேயொரு கணினிக்காக வெளிவந்த விளையாட்டுகளை எல்லாம் பெயர், ஆண்டு, வெளியீட்டாளர், விலை, அட்டைப்படம் என்று நிரல்படுத்தியது. ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் பிரித்தானியாவில் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட கணினி. இறப்பர் விசைகள், 16 அல்லது 48 கிலோபைற் நினைவகம், வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரை. விளையாட்டுகள் வந்தது சாதாரணப் பாட்டுக் கசெற்றில். கொமடோர் 64, பி.பி.சி. மைக்ரோ, அமிகா போன்ற கணினிகளுக்கும் இப்படி ஆர்வலர் தொகுப்புகள் பின்னர் எழுந்தன. ஆனாலும் கிடைக்காததைக்கூட ஒழுங்காகக் கணக்கு வைக்கலாம் என்று காட்டியதில் ஸ்பெக்ட்ரம்காரர்களுக்குத் தனி இடம் உண்டு.

ஸ்பெக்ட்ரம் வன்னியைப் பெரும்பாலும் எட்டவில்லை. எட்டியிருந்தாலும் 1990இன் பின்னர் அதைச் செருகுவதற்கு இங்கே மின்சாரம் இருக்கவில்லை. கசெற்றை மட்டும் இந்த ஊர்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டும் செய்தியும் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நாடாவின் குணம் தெரியும். பூஞ்சணம் பிடிக்கும், இழுபடும், பிசகினால் இயந்திரத்துக்குள் சிக்கிச் சுருளும். பாட்டு என்றால் சற்றுக் கரகரத்துவிட்டுத் தொடரும். விளையாட்டு தொடராது. கீச்சென்ற ஒலியாக நாடாவில் பதிந்திருக்கும் தரவுத் துண்டு ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சரிபார்ப்புப் பைற் உண்டு. இடையில் ஒரு பிற் மாறினாலும் கணக்கு ஒத்துவராது. நாடாவில் பிழை என்று திரையில் எழுதிவிட்டுக் கணினி நின்றுவிடும். ஐந்து நிமிடம் காத்திருந்த பிள்ளை மறுபடி முதலில் இருந்து சுற்ற வேண்டும்.

ஆகவே ஒரு நாடாவைக் காப்பாற்றுவது என்றால் அதன் ஒலியைப் பதிவுசெய்து, துடிப்புகளை அளந்து, கோப்பாக மாற்றுவது. வழக்கமான வேகத்தில் பதிந்த தரவுக்கு ‘டாப்’ என்ற எளிய கோப்புவகை போதும். திருட்டுப் பிரதியைத் தடுக்க வெளியீட்டாளர்கள் வேகத்தை மாற்றியும் இடைவெளிகளைக் குழப்பியும் பதிந்த நாடாக்களுக்காக ‘டி.இசட்.எக்ஸ்.’ என்ற நுணுக்கமான வகை வந்தது. பட்டியல்காரர் ஒருவர் “என்னிடம் படி இருக்கிறது” என்று சொன்னால், எந்தப் படி என்று அடுத்தவர் கேட்பது இதனால்தான். காவலை உடைத்த பிரதியா, ஓடிக்கொண்டிருந்த விளையாட்டை நடுவில் நிறுத்தி எடுத்த நினைவகப் பதிவா, மூல நாடாவின் முழுப் பெயர்ப்பா? பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் கேள்வி இது. கேட்பவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.

விளையாட்டு இப்படிக் கைநழுவக் காரணம் பெரும்பாலும் அதன் சிறுமை. 1980களின் முற்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளே விளையாட்டு எழுதினார்கள். வீட்டிலேயே கசெற்றில் பிரதியெடுத்து, சஞ்சிகையில் ஒரு சிறு விளம்பரம் போட்டு, தபாலில் விற்றார்கள். சில டசின் பிரதிகள் போயிருக்கலாம். வாங்கிய வீட்டில் பின்னர் அதன்மேலேயே வானொலிப் பாட்டுப் பதிந்திருப்பார்கள். மிஞ்சியது விளம்பரம். ‘சின்க்ளேர் யூசர்’, ‘க்ராஷ்’ போன்ற சஞ்சிகைகளின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக வருடிப் பெயர்களை எடுத்ததால்தான் எம்.ஐ.ஏ. என்ற நிரலே உருவானது. காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டாலும் பதிவகத்தில் அதன் இலக்கமும் எல்லைகளும் எழுதிக் கிடப்பது போன்றது இது.

இங்கே ஓர் எல்லைக்கோடு முக்கியம். விளம்பரம் வந்ததெல்லாம் விற்பனைக்கு வந்ததாகாது. லிவர்பூலில் இயங்கிய இமாஜின் நிறுவனம் ‘பாண்டர்ஸ்னாட்ச்’, ‘சைக்லாப்ஸ்’ என்ற இரண்டு பெரும் விளையாட்டுகளுக்கு முழங்கி விளம்பரம் செய்தது. 1984இல் நிறுவனமே மூழ்கிவிட்டது. விளம்பரப்படுத்திய வடிவில் அவை கடைக்கு வரவேயில்லை. அவற்றை எம்.ஐ.ஏ. என்று எழுதினால் பொய். அவை ‘வெளிவராதவை’. வேறொரு வகையும் உண்டு: படி இருக்கிறது, உரிமையாளர் பகிர அனுமதிக்கவில்லை. அல்டிமேற் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் விளையாட்டுகள் வேர்ல்ட் ஒஃப் ஸ்பெக்ட்ரத்தில் அப்படித்தான் குறிக்கப்பட்டிருந்தன. ‘ஜெட்பாக்’, ‘நைட் லோர்’ முதலியவை 2015இல் ‘ரேர் ரீப்ளே’ என்ற தொகுப்பில் விலைக்கு வந்தன. இவற்றை ‘பகிர்வு மறுக்கப்பட்டவை’ என்றால் போதும். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சின்க்ளேரின் கணினிப் பிரிவை 1986இல் வாங்கிய அம்ஸ்ட்ராட், ஸ்பெக்ட்ரத்தின் உள்நினைவக நிரலை ஆர்வலர்கள் தங்கள் மென்பொருள்களுடன் சேர்த்து வழங்க 1999இல் இசைவு தந்தது. காப்புரிமை தன்னுடையதாகவே இருக்கும் என்பது நிபந்தனை. அந்த இசைவால்தான் இன்றைய கணினியிலும் கைபேசியிலும் இந்த விளையாட்டுகளைச் சட்டச் சிக்கல் குறைவாக ஓட்டிப் பார்க்க முடிகிறது.

இனி, தமிழ்.

‘காணாமல் போ’ என்பது செய்பவர் இல்லாத வினை. ஆடு காணாமல் போகும், திறப்பு காணாமல் போகும். எவரும் எடுத்ததாகச் சொல்லவில்லை. 2016இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால், கதி தெரியாதவர்களைத் தேட அமைந்த அலுவலகத்துக்கு ‘காணாமல் போனோர்’ என்ற சொல் வந்தபோது, உறவுகள் அதை ஏற்காததற்கு இந்த இலக்கணமே காரணம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார், தம் பிள்ளைகள் ‘போனவர்கள்’ அல்லர், ‘ஆக்கப்பட்டவர்கள்’ என்று திருத்தினார்கள். ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற நீண்ட தொடர் அப்படி நிலைத்தது. கையால் படிவம் நிரப்பியும் பதாகை எழுதியும் இந்தச் சொல்லை இம்மாவட்டங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கின்றன. ஆங்கிலத்தில் கனம் குறைந்துபோன சொல் இங்கே கனம் ஏறி நிற்கிறது. அதை எடுத்து ஒரு விண்வெளிச் சுடுவிளையாட்டின் பெயருக்கு எதிரே எழுதுவது சட்டப்படி குற்றமில்லை. நாக்குக் கூசும், அவ்வளவுதான்.

கூச்சத்தை விட்டுப் பார்த்தாலும் பொருள் பொருந்தவில்லை. ‘தொலைந்தது’ என்றால் முன்பு நம்மிடம் இருந்திருக்க வேண்டும். தொகுப்பாளர்களிடம் அது ஒருபோதும் இருந்ததில்லை. ‘மறைந்தது’ என்று எழுதினால் இரங்கல் செய்தி போல இருக்கிறது. தமிழ்ப் புலமை மரபில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: ‘இறந்துபட்டது’. பெயர் மட்டும் தெரிந்து, ஏடு கிடைக்காத நூல்களை அப்படித்தான் குறித்தார்கள். பெயர் உரையிலும் மேற்கோளிலும் வாழும், நூல் இராது. ஸ்பெக்ட்ரம்காரர்களுக்குச் சஞ்சிகை விளம்பரம் எதுவோ, நமக்குச் சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை அது. நாடகத் தமிழ் நூல்கள் சிலவற்றின் பெயரைச் சொல்லி, முதலும் நடுவும் இறுதியும் காணாமையால் அவையும் இறந்தன ‘போலும்’ என்கிறார் அவர். அந்தப் ‘போலும்’ என்ற சொல்லுக்காகவே அவரை நல்ல பட்டியல்காரர் என்பேன். காணவில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறார். இறந்தது என்பதைத் தயக்கத்தோடு சொல்கிறார்.

பின்வந்தவர்கள் அந்தத் தயக்கத்தைக் கைவிட்டு ‘இறந்துபட்டது’ என்று முடித்துவிட்டார்கள். விளையாட்டுகள் விஷயத்தில் அப்படி முடிக்க வழியில்லை, ஏனென்றால் அவை திரும்பி வருகின்றன. இங்கே கணினி வகுப்புகளுக்குப் போன பலருக்குத் தெரிந்த ‘பிரின்ஸ் ஒஃப் பெர்சியா’வையே எடுக்கலாம். அது முதலில் 1989இல் அப்பிள் 2 என்ற வீட்டுக் கணினிக்கு வந்தது. விளையாட்டு உலகெங்கும் இருந்தது; அதன் மூல நிரல் எங்கே என்று எழுதிய ஜோர்டன் மெக்னருக்கே தெரியவில்லை. 2012இல் அவருடைய தந்தை வீட்டில் கண்டெடுத்து அனுப்பிய பெட்டியில் பழைய நெகிழ்வட்டுகள் இருந்தன. இன்ரநெற் ஆர்க்கைவைச் சேர்ந்த ஜேசன் ஸ்கொட் முதலானோர் உதவியுடன் அவற்றைப் படித்தெடுத்து, நிரலை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். அதற்கு முதல் ஆண்டு யாராவது ‘இறந்துபட்டது’ என்று எழுதியிருந்தால் பெட்டியைத் தேட எவருக்கும் தோன்றியிராது.

எனவே நான் பரிந்துரைப்பது ‘படி கிடைக்காதது’. பன்மையில் ‘படி கிடைக்காதவை’. அழகான தொடர் அன்று, ஆனால் மூன்று விடயங்களைச் சரியாகச் செய்கிறது. குறை விளையாட்டில் இல்லை, படியில் இருக்கிறது என்கிறது. ஏட்டுச் சுவடிக்காரர்கள் காலத்தில் இருந்து நமக்குப் பழக்கமான ‘படி’ என்ற சொல்லை நாடாவுக்கும் வட்டுக்கும் கோப்புக்கும் நீட்டுகிறது. தேடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் காட்டுகிறது. ‘கிடைக்காதது’ என்பது ‘கிடைத்தது’ என்று ஒரே நாளில் மாறலாம். ‘இறந்தது’ அப்படி மாறாது. ‘படி இல்லை’ என்று சுருக்க ஆசை வரும். வேண்டாம். இல்லை என்று சொல்லும் உரிமை உலகத்துப் பரண்கள் அத்தனையையும் தட்டிப் பார்த்தவருக்கு மட்டுமே உண்டு.

ஒரு சிக்கல் மீதம் இருக்கிறது. விளையாட்டுக் கோப்புகளின் கணித அடையாள எண்களைத் தொகுக்கும் ‘நோ-இன்ட்ரோ’ போன்ற குழுக்கள் எம்.ஐ.ஏ.வைச் சற்று வேறாகப் பயன்படுத்துகின்றன. அங்கே யாரோ ஒருவர் படியெடுத்து அடையாள எண்ணைத் தந்துவிட்டார். கோப்புப் பொதுவில் கிடைப்பதில்லை. அதாவது படி இருப்பது நிச்சயம், இருக்கும் இடம்தான் தெரியாது. அதற்கு ‘படி வெளிவராதது’ என்று தனியாக எழுதலாம். இரண்டுக்கும் ஒரே தமிழ்த் தொடரைப் போட்டால் ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்தவர்களாவோம்.

இந்தத் தொடரை உள்ளூர்த் தொகுப்புகளுக்கும் எடுக்கலாம். 2009இல் வீடுகளை விட்டு நடந்தவர்கள் கசெற்றுப் பெட்டிகளைத் தூக்கிச் செல்லவில்லை. இங்கே மேடையேறிய கூத்தும், ஒலிபரப்பான நாடகமும், வீட்டு விழாவில் பதிந்த பாட்டும் நோட்டீசிலும் ஆட்களின் நினைவிலும் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து அச்சு ஆவணங்களுக்குச் செய்துவரும் வேலையை, இப்படியான நாடாக்களுக்குச் செய்ய முனைபவர் முதலில் ‘படி கிடைக்காதவை’ நிரலைத் திறக்கட்டும். பக்கத்திலேயே ‘சான்று’ என்று இன்னொரு நிரலும் வேண்டும்: எந்த நோட்டீசு, எந்தச் சஞ்சிகையின் எந்த இதழ், யார் சொன்னது. அந்த நிரல் வெறுமையாக இருந்தால் பெயரைப் பட்டியலில் ஏற்றக்கூடாது.