டிகாய்: தமிழில் என்ன சொல்வது?

வாத்து வேட்டையில் தண்ணீர் மேல் மிதக்கவிடும் பொம்மை வாத்துக்கு ஆங்கிலத்தில் ‘டிகாய்’ என்று பெயர். வானத்தில் போகும் காட்டு வாத்துகள் அதைத் தம் கூட்டம் என்று நம்பி இறங்க வேண்டும். நாணல் மறைவில் துப்பாக்கியோடு ஆள் காத்திருப்பார். இதைத் தமிழில் இரை, தூண்டில், பொறி, போலி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. இரையும் தூண்டிலும் தின்னக் கொடுத்துப் பிடிக்கிற வேலை. பொறி தானே பிடித்துவிடும். டிகாய் எதையும் பிடிப்பதில்லை. ‘போலி’ என்றால் பொய் என்பது மட்டும் தெரிகிறது, அது யாரை அழைக்க வந்த பொய் என்பது தெரிவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல் பிறந்தபோது பொறியைத்தான் குறித்தது. டச்சு மொழியில் ‘கோய்’ என்றால் கூண்டு. லத்தீனின் ‘காவெயா’விலிருந்து வந்தது. அதன் முன்னால், ஆங்கில ‘the’ போன்ற ‘டெ’ என்ற சுட்டு சேர்ந்து ‘டெ கோய்’ ஆகி, ஆங்கிலத்தில் டிகாய் ஆயிற்று என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்தக் கூண்டு ஒரு குளம். குளத்திலிருந்து வளைந்து வளைந்து வாய்க்கால்கள் பிரியும். அவற்றின் மேல் வளையங்களில் வலை போர்த்தியிருக்கும். போகப் போக வாய்க்கால் குறுகி ஒரு பையில் முடியும். கரையோரம் நாணல் தட்டிகள். தட்டிகளுக்கு இடையே ஒரு சின்ன நாய் தலைகாட்டி மறையும், மறுபடி அடுத்த தட்டியருகே தலைகாட்டும். என்ன இது என்று பார்க்க வாத்துகள் அதன் பின்னாலேயே வாய்க்காலுக்குள் நீந்தி வரும். அப்புறம் பின்பக்கம் ஆள் எழுந்து நின்றால் போதும், மிரண்டு முன்னோக்கிப் பறந்து பைக்குள் விழும். கோய்க்கர்ஹொண்டியே என்ற டச்சு நாயினம் இந்த வேலைக்காகவே பேர் பெற்றது.

17-ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு இங்கிலாந்துக்குப் போனது. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு இப்படியொன்று இருந்தது. குளத்தில் காட்டு வாத்துகளை இழுக்கப் பழகிய வாத்துகளை விட்டிருப்பார்கள். குளத்தின் பெயர் மெல்ல அந்த வாத்துக்கு ஏறி, பிறகு மரப்பொம்மைக்கும் வந்துவிட்டது.

பொம்மை மட்டும் இந்தச் சொல்லைவிட மிகப் பழையது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையில் 1924-இல் 11 பொம்மை வாத்துகள் கிடைத்தன. கோரையைக் கட்டிச் செய்து, வண்ணம் தீட்டி, இறகும் செருகியவை. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அமெரிக்காவில் உயிருள்ள வாத்தைக் கட்டி அழைப்பதை 1935-இல் தடை செய்துவிட்டார்கள். அதனால் இன்று அங்கே டிகாய் என்றால் பொம்மைதான்.

பொம்மை என்றதும் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பார்கள். எதில் தத்ரூபம் என்பதுதான் கேள்வி. கடை அலமாரியில் பளபளக்கும் பொம்மை மனிதரைக் கவரலாம். வெயில் பட்டு மின்னினால் வாத்து விலகிப் போய்விடும், மங்கிய பூச்சே நல்லது. பருவத்தையும் பார்க்க வேண்டும். மல்லார்ட் என்ற காட்டு வாத்தினத்தில் ஆணின் பச்சைத் தலை எல்லா மாதமும் இருப்பதில்லை. கோடை கடைசியில் சிறகுதிர்த்துப் பெட்டையைப் போலப் பழுப்பாகிவிடும். வேட்டைக் காலத் தொடக்கத்தில் நீர் நிறையப் பச்சைத் தலைகளைப் பரப்பி வைப்பது பொருத்தமில்லை. அந்த நேரத்தில் பழுப்புப் பொம்மைகளே கூடுதலாக இருக்க வேண்டும். உடல் நிலையும் பேசும்: கழுத்தை நீட்டி விறைத்து நிற்பது எச்சரிக்கை, தலையை உள்ளிழுத்துத் தூங்குவதும் நீரில் மூக்கை விட்டு மேய்வதும் நிம்மதி. எல்லாப் பொம்மையும் ஒரே அச்சில் தலை நிமிர்ந்திருந்தால், ஒவ்வொன்றும் எத்தனை அழகாக இருந்தாலும் கூட்டம் பொய்யாகிவிடும். என்னைக் கேட்டால் இறகின் நுணுக்கத்தைவிட அசைவு முக்கியம். காற்றில்லாத காலையில் அசையாமல் கிடக்கும் பொம்மைகளைவிட, ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துச் சிற்றலை எழுப்பினால் சாதாரணப் பொம்மையும் உயிர் பெறும். வாத்து காற்றை எதிர்த்து இறங்கும் பறவை. அதனால் பொம்மைகளுக்கு நடுவே இறங்க இடம் விட்டுத்தான் வைப்பார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். புதுச்சொல் எதுவும் செய்ய வேண்டாம், சங்க காலத்திலேயே இருக்கிறது: பார்வை. காட்டு விலங்கை இழுக்க வேடர் பழக்கி வைத்திருக்கும் விலங்குக்கு அந்தப் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் ‘பார்வை யாத்த பறைதாள் விளவின்’ என்று வருகிறது. வேட்டுவர் வீட்டு முற்றத்தில் விளாமரத்தடியில் பார்வை மானைக் கட்டியிருக்கிறார்கள், கட்டிக் கட்டி மரத்தின் அடி தேய்ந்திருக்கிறது. புறநானூற்று 320-ஆம் பாட்டில் இன்னும் அழகு. வேடன் அயர்ந்து தூங்குகிறான். ‘பார்வை மடப்பிணை’யோடு, அதாவது பழக்கி வைத்த பெண்மானோடு, ஒரு காட்டு ஆண்மான் வந்து விளையாடிக்கொண்டிருக்கிறது. பார்வை தன் வேலையைச் செய்துவிட்டது, பிடிக்கத்தான் ஆள் விழித்திருக்கவில்லை. பின்னாளில் சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனும் இச்சொல்லை உவமையாக எடுத்தாள்கிறது: விலங்கை வைத்து விலங்கைப் பிடிப்பதுபோல, இறைவன் மனித வடிவில் வந்து மனிதரை ஆட்கொள்கிறான்.

இன்று பார்வை என்றால் கண்ணோட்டம்தான் நினைவுக்கு வரும். தனியாக எழுதினால் குழப்பம், பறவையின் பெயரைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. மிதக்கும் பொம்மை ‘பார்வை வாத்து’. பொம்மை என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பார்வைப் பொம்மை’. உயிருள்ளதைக் கட்டி வைத்தால் ‘கட்டுப் பார்வை’ என்று பிரித்துச் சொல்லலாம். பழைய டச்சுக் குளத்துக்கு மட்டும் இது ஒட்டாது. அதை ‘வாத்துக் கூண்டுக் குளம்’ என்றே எழுதிவிடலாம். போர் விமானம் ஏவுகணையை ஏமாற்ற வீசும் டிகாய்க்குப் ‘போலி இலக்கு’ என்ற பெயர் ஏற்கனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் கை வைக்க வேண்டியதில்லை.