கடிகாரத்தைத் தொடாமல் தேதியை மாற்றுவது

2038 ஜனவரி 19 அன்று ஒரு நிரல் ஒழுங்காக ஓடுமா என்று இன்றே பார்த்தாக வேண்டும். 1970 தொடக்கத்திலிருந்து கழிந்த நொடிகளை, குறை எண்களுக்கும் இடம் தரும் 32 பிட் எண்ணில் வைத்திருக்கும் நிரல்களுக்கு, அன்று உலகப் பொது நேரம் 03:14:07-உடன் இடம் தீர்ந்துவிடுகிறது. அடுத்த நொடியில் அவை 1901-க்குப் போய்விடும்.

கணினியின் கடிகாரத்தையே தள்ளிவைக்கலாம்தான். ஆனால் இணையத்தளங்களின் சான்றிதழ்கள் காலாவதியானவையாகத் தெரியும், பதிவுக் கோப்புகளில் தேதிகள் குழம்பும். ஒரு நிரலைச் சோதிக்க மொத்தக் கணினியையும் கெடுப்பது தேவையில்லாத வேலை.

லிப்ஃபேக்டைம் என்ற நூலகம் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் வேறு தேதியைக் காட்டுகிறது. லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் மணி பார்க்க, எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் சி நூலகத்தில் உள்ள ஒரு செயற்கூறை அழைக்கின்றன. அந்தச் செயற்கூறு நிரலுக்குள் இருப்பதில்லை. நிரலை ஓட்டும்போதுதான் டைனமிக் லிங்கர் என்ற இணைப்பான் அதைத் தேடி இணைக்கிறது. நிரலைத் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் எல்டி பிரீலோட் (LD_PRELOAD) என்ற சூழல் மாறியில் ஒரு நூலகத்தைக் குறிப்பிட்டால், லிங்கர் அதில்தான் முதலில் தேடும். லிப்ஃபேக்டைம் அதே பெயரில் தன் செயற்கூறை அங்கே வைத்திருக்கிறது. அது உண்மையான நேரத்தைக் கேட்டு வாங்கி, நாம் சொன்ன நாட்களைக் கூட்டியோ கழித்தோ நிரலிடம் கொடுக்கும். நேரத்தை இரண்டு மடங்கு, பத்து மடங்கு வேகத்தில் ஓடவிடவும் முடியும்.

சரி, இயங்குதளத்தின் மையமான கர்னலின் வாசலிலேயே மறிக்கக் கூடாதா? வழக்கமாக நிரல் மணி பார்க்கக் கர்னலுக்குள் போவதே இல்லை. விடிஎஸ்ஓ என்ற சிறு பகுதியைக் கர்னல் ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் வைத்துவிடுகிறது. வேகத்துக்காக நேரம் அங்கேயே கணக்கிடப்படுகிறது. அதனால் கர்னலுக்கு நிரல்கள் விடுக்கும் அழைப்புகளான சிஸ்டம் கால்களைக் கவனிக்கும் கருவிகளின் கண்ணில் இது படாது. நூலக மட்டத்தில் மறிப்பது எவ்வளவு நல்ல யோசனை என்பது இங்கேதான் தெரிகிறது.

ஆனால் சி நூலகத்தை உள்ளேயே சேர்த்துக் கட்டிய நிரல்களிடமும், விடிஎஸ்ஓவை நேரடியாக அழைக்கும் கோ மொழி நிரல்களிடமும் இது பலிக்காது.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். தேதி சொல்லும் கடிகாரம் தவிர, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரம் ஒன்றும் உண்டு. காத்திருப்பு நேரங்களை நிரல்கள் பெரும்பாலும் அதை வைத்தே அளக்கின்றன. அதையும் சேர்த்து மாற்றினால் சில நிரல்கள், குறிப்பாக ஜாவா நிரல்கள், அப்படியே தொங்கிவிடலாம். மோனோடோனிக் கடிகாரத்தை மட்டும் விட்டுவைக்கும் அமைப்பு லிப்ஃபேக்டைமிலேயே இருக்கிறது. நிரல் நின்றுபோனால் முதலில் அதை முயன்று பாருங்கள்.