உளிக்கு இரண்டு சூடு

பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டும். பாலை மரத்தைக் கொத்தினால் உளியின் வாய் போகும். வன்னியில் தச்சு வேலை செய்யும் எவருக்கும் இது தெரியும். மலிவான உளியால் பாலையில் துளை போடப் போனால் கொஞ்ச நேரத்திலேயே வாய் மடிந்துவிடும். ஊர்க் கொல்லர் பழைய லொறி வில்லுத் தகட்டை வெட்டி அடித்துக் கொடுத்த உளியோ அதே மரத்தில் அசராமல் இறங்கும். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கொல்லர், தச்சு வேலைக்குப் புதிதாகப் போகும் தன் மருமகனுக்கு அப்படி ஒன்றை அடித்துப் பரிசாகக் கொடுத்தார். அருகில் நின்று பார்த்தேன். அந்த உளியின் தரம் சம்மட்டி அடியில் வந்ததைவிட, கடைசியில் அவர் கொடுத்த இரண்டு சூட்டில் வந்ததுதான் அதிகம்.

முதலில் இரும்பைப் பற்றி. லொறி வில்லில் ஏறத்தாழ 0.6 சதவீதம் காபன் இருக்கிறது. கட்டடக் கம்பியில் பொதுவாக இதில் பாதிகூட இராது. அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் உளிக்கு வேண்டிய கடினம் வராது. உடைந்த அரம் கிடைத்தால் விடக்கூடாது, அதில் 1 சதவீதத்துக்கு மேலேயே காபன் உண்டு.

இந்தச் சிறிதளவு காபன் செய்யும் வேலை பெரிது. சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்களின் அடுக்கில் காபன் நுழைய இடமே இல்லாத மாதிரித்தான். 727 பாகை செல்சியசைத் தாண்டும்போது அந்த அடுக்கு வேறு வடிவத்துக்கு மாறத் தொடங்குகிறது. மாறிய அடுக்கில் இடைவெளி பெரிது, காபன் உள்ளே கரைந்துவிடும். அந்தச் சூட்டிலேயே சட்டென்று எண்ணெயில் தோய்த்தால், அடுக்கு பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் வெளியேற நேரம் கிடைக்காத காபன் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடுக்கு இழுபட்டு நிற்கும். ஒரு அணு வரிசை இன்னொன்றின் மேல் சறுக்க முடியாது. அதுதான் கடினம்.

சரி, போதுமான சூடு ஏறிவிட்டதென்று எப்படித் தெரியும்? கொல்லர் நிறத்தைப் பார்க்கிறார். அதனால்தான் உலை எப்போதும் நிழலில் இருக்கும். புதிதாகப் பழகுபவர் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொட்டுப் பார்க்கலாம். இரும்பு 770 பாகையளவில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றித் தோய்த்தால் வில்லிரும்புக்குச் சரியாக இருக்கும். தண்ணீர் வேண்டாம், வில்லிரும்பு வெடித்துவிடக்கூடும்.

இப்போது உளி கடினமாகத்தான் இருக்கிறது. அரத்தை வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கும். ஆனால் இந்த நிலையில் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டால் வாய் உதிர்ந்துவிடும். இழுபட்ட அடுக்குக்கு வளையத் தெரியாது. அதற்குத்தான் இரண்டாவது சூடு.

அந்தக் கொல்லர் வாய்ப்பக்கத்தை மட்டும்தான் எண்ணெயில் இறக்கினார். எடுத்ததும் சாணைக்கல் துண்டால் கரும்படலத்தை மளமளவென்று தேய்த்து வெள்ளை இரும்பைக் காட்டினார். பின்பகுதியில் மிஞ்சியிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி ஓடியது. முதலில் வைக்கோல் நிறம், அதன் பின்னால் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம் என்று நிறங்கள் வரிசையாக நகர்ந்தன. வைக்கோல் நிறம் கொஞ்சம் அழுத்தமாகி விளிம்பைத் தொட்டதும், திரும்பவும் தோய்த்துச் சூட்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

அந்த நிறம் சாயமல்ல. சூட்டில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் வளர்கிறது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் தெறிக்கும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அழித்து மற்றவற்றைக் காட்டுகிறது. மழைநீரில் சிந்திய பெற்றோலில் தெரிவதும் இதுவே. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: இளம் வைக்கோல் நிறம் என்றால் 210 பாகையளவு, அடர்ந்தால் 240, நீலம் என்றால் 300. வெப்பமானி இல்லாத பட்டறையில் இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியாது. அந்தச் சூட்டில் சிக்கிய காபனில் ஒரு பங்கு இறுக்கம் தளர்ந்து ஒதுங்குகிறது. கடினம் கொஞ்சம் குறைந்து, அடி தாங்கும் பலம் வருகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னி மண்ணில் கிளறினால் இரும்பு கிடைக்கும். என்னவென்று தெரியாத எதையும் தொடாதீர்கள், உலையில் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். வெடிக்காத வெடிபொருள் இன்னும் கிடக்கிறது. கராஜில் கழற்றிப் போட்ட வில்லே போதும்.

பரிசாக வந்த உளியைப் பழுதாக்குவது பெரும்பாலும் மின்சாணைதான். வாயில் நீலம் ஏறினால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம், நீலம் தெரியும் பகுதியைத் தாண்டித் தேய்த்து எடுக்க வேண்டும். அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தீட்டுங்கள். வேம்புக்கு 25 பாகைக் கோணம் போதும். பாலைக்கும் முதிரைக்கும் 30 முதல் 35 வரை வையுங்கள்.