ஒழுகாத ஓட்டை: புல்வெளிக்கு மருந்தடிக்கும் நாசில் எப்படி வேலை செய்கிறது?

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் அப்பா பருத்திக்கு மருந்து அடித்தால் புகை மாதிரி போகும். இங்கே வண்டியில் அடிக்கிறோம், தூறல் மாதிரிதான் விழுகிறது. கேட்டால், அதுதான் நல்ல நாசில் என்கிறார்கள். அந்த நாசிலின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை வேறு இருக்கிறது. அதில் தண்ணீர் ஒழுகுவதே இல்லை. எப்படி சார்?"

இரண்டு கேள்வி போலத் தெரிகிறது. அந்த ஓட்டையால்தான் தூறல் வருகிறது என்பதால் உண்மையில் ஒரே கேள்விதான்.

முதலில் அவர் நிற்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பகுதியை கிரீன் என்பார்கள். அங்கே புல்லின் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். தினமும் வெட்டு வாங்கும் புல் அது. எப்போதும் காயத்தோடு இருப்பதால் பூஞ்சைக்கு நல்ல விருந்து. மருந்து அடிக்காமல் தீராது. வழக்கமாக ஒரு சதுர மீட்டருக்கு 40 முதல் 80 மில்லி கரைசல் போகும். அதை எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழவைக்க வேண்டும். பக்கத்தில் நடக்கிறவர் மேலும் வேலிக்கு அந்தப் பக்கத்து நீச்சல் குளத்திலும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் புகை போன்ற தெளிப்பு காலை வாருகிறது. விட்டம் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள துளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாசிலை விட்டுப் பாய்ந்து வந்தாலும் காற்று அதைச் சில சாண் தூரத்துக்குள் பிடித்து நிறுத்திவிடும். அதன் பிறகு வினாடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் வேகத்தில்தான் கீழே இறங்கும். மிச்சம் கால் மீட்டர் இருந்தால் அதற்கு ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியில், மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் காற்று அதை மூன்று மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். 50 மைக்ரான் துளியின் கதை இன்னும் மோசம். வளைகுடா வெயிலில், வறண்ட காற்றில், அது தரைக்கு வருவதற்கு முன்பே தண்ணீர் ஆவியாகி, மருந்து மட்டும் தூசியாக மிதந்துகொண்டிருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் எல்லாத் துளியையும் பெரிதாக்கிவிட்டால் என்ன? கணக்கு அங்கேயும் உதைக்கிறது. விட்டம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. ஒரு 400 மைக்ரான் துளிக்கு ஆகும் தண்ணீரில் 100 மைக்ரான் துளிகள் 64 செய்யலாம். பெரிய துளி என்றால் எண்ணிக்கை குறைவு, புல் இதழில் மருந்து படாத இடம் அதிகம். போதாக்குறைக்குப் புல் இதழ் ஒல்லி, நிமிர்ந்து நிற்கும், மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. பெரிய துளி பட்டு உருண்டு ஓடிவிடும். ஆகவே நாசிலை வடிவமைப்பவருக்கு வேண்டியது பெரிய துளியோ சிறிய துளியோ அல்ல. காற்றில் பறக்கும் அந்தப் பொடித்துளிகளை மட்டும் குறைக்கும் வழிதான் வேண்டும்.

சரி, துளி எப்படிப் பிறக்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தட்டை விசிறி நாசிலை வேலை செய்யும்போது உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? வாயிலிருந்து துளி வருவதில்லை. முதலில் வருவது கண்ணாடி போலத் தெளிவான ஒரு தண்ணீர்த் தாள். விசிறி போல விரிந்துகொண்டே போகும். விரிய விரிய அது மெலிந்தாக வேண்டும், தண்ணீர் அளவு அதேதானே! நிமிடத்துக்கு 800 மில்லி கொடுக்கும், விசிறி 110 டிகிரி கோணத்தில் விரியும் நாசிலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி தாளின் தடிமன் சுமார் 30 மைக்ரான். மூன்று சென்டிமீட்டரில் வெறும் 10 மைக்ரான். அவ்வளவு மெலிந்த தாளில் காற்று உரசி அலை கிளம்பும். அலை பெருகித் தாள் நீள நீளத் துண்டுகளாகக் கிழியும். துண்டுகள் சுருண்டு இழைகளாகும்.

இழை ஆனதும் அதன் கதி முடிந்தது. தண்ணீரின் பரப்பு இழுவிசைக்கு இழை வடிவம் பிடிக்காது. எங்காவது லேசாக இடுப்பு ஒடுங்கினால் அங்கே அழுத்தம் கூடி, தண்ணீர் இரு பக்கமும் ஓடி, இன்னும் ஒடுங்கி அறுந்துவிடும். இதைப் பொறுமையாக ஆராய்ந்தவர் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ. பார்வை முழுவதும் போன பிறகும், மற்றவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல ஆய்வைத் தொடர்ந்தவர் அவர். 1878இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு அதற்குக் கணிதம் எழுதினார். அவர் கணக்குப்படி, அறுந்து உருவாகும் துளியின் விட்டம் இழையின் விட்டத்தைப் போல ஏறக்குறைய 1.9 மடங்கு. ஆக, தடித்த இழை கிடைத்தால் பெரிய துளி, மெல்லிய இழை கிடைத்தால் பொடித்துளி. இழை தடிப்பதும் மெலிவதும் தாள் எப்போது கிழிகிறது என்பதைப் பொறுத்தது. மெலிவதற்கு முன்பே கிழித்துவிட்டால் துளி பெரிதாகும்.

முன்பே எப்படிக் கிழிப்பது? தாளில் பொத்தல் போட்டால் போதும்.

வாசகர் சொன்ன பக்கவாட்டு ஓட்டையின் வேலை அதுதான். இந்த நாசிலுக்குள் தண்ணீர் முதலில் ஒரு குறுகிய துளை வழியாகப் பாய்கிறது. 3 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அங்கே வேகம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 24 மீட்டர், மணிக்கு 85 கிலோமீட்டருக்கும் மேல். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும் என்று பள்ளியில் பெர்னூலி பாடத்தில் படித்ததுதான். அந்தக் குறுகலுக்கு அடுத்து அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போய்விடுகிறது. ஆகவே ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. பம்பு இல்லை, மோட்டார் இல்லை, நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. உள்ளே போன காற்று குமிழிகளாகக் கலந்து, சற்றுப் பெரிய வாய் வழியாகத் தாளாக வெளியே வருகிறது.

இப்போது தாளுக்குள் குமிழிகள் இருக்கின்றன. தாள் மெலிந்து குமிழியின் அளவுக்கு வரும்போது குமிழி இரு பக்கமும் உடைந்து ஒரு பொத்தல் விழுகிறது. தாளின் தடிமனைவிட மிகச் சிறிய பொத்தல் என்றால் தானே மூடிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் பரப்பு இழுவிசை அதன் விளிம்பைப் பின்னால் இழுக்கத் தொடங்கும். விளிம்பு போகிற வழியில் உள்ள தண்ணீரையெல்லாம் சுருட்டிக்கொண்டு தடித்துக்கொண்டே போகும். எவ்வளவு வேகத்தில் போகும் என்று 1959இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லரும் அடுத்த ஆண்டு கலிக் என்பவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 30 மைக்ரான் தண்ணீர்த் தாளில் அது வினாடிக்குச் சுமார் 2 மீட்டர். கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் அரைப் பங்கு நேரத்துக்குள் பொத்தல் எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் பல பொத்தல்கள் இப்படி விரிந்து ஒன்றையொன்று தொட வரும்போது நடுவில் மிஞ்சுவது ஒரு வலை. கல்லில் ஊற்றிய ரவா தோசையை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படியே இருக்கும். அந்த வலையின் இழைகள் தடித்தவை. அறுந்தால் தூறல்.

இந்த அதிசயம் புதிதாகக் கண்டதும் அல்ல. 1954இலேயே டோம்பிரவ்ஸ்கி, ஃபிரேசர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தண்ணீர்த் தாள் கிழிவதைப் படம் பிடித்து வெளியிட்டுவிட்டார்கள். எண்ணெய் கலந்த பால் போன்ற கரைசலிலும் இதே பொத்தல் விழும். எண்ணெய்த் துளியே அங்கே ஊசி வேலை பார்த்துவிடுகிறது. அதனால்தான் ஒரே நாசில், ஒரே அழுத்தம் என்றாலும் மருந்தை மாற்றினால் துளியின் அளவும் மாறும்.

அப்புறம் ஒரு சிக்கல் வண்டியில் இருக்கிறது. வண்டியின் இருபுறமும் நீளும் கையை பூம் என்பார்கள். புல்வெளி வண்டிகளில் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம் இருக்கும். கிரீன் வட்டமும் வளைவுமாக இருப்பதால் திரும்பிக்கொண்டே அடிக்க வேண்டும். பூமின் உள்முனை திருப்ப மையத்திலிருந்து மூன்று மீட்டரிலும் வெளிமுனை ஒன்பது மீட்டரிலும் இருந்தால், வெளிமுனை மூன்று மடங்கு வேகமாக ஓடுகிறது. எல்லா நாசிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டால் உள்பக்கத்துப் புல்லுக்கு மூன்று பங்கு மருந்து. அங்கே புல் கருகும், வெளிப்பக்கத்தில் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும்.

அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாமே என்றால், தண்ணீர் வரத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வரத்து இரண்டு மடங்காக அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அழுத்தம் ஏறினால் துளி பொடியாகும். பழையபடி புகை!

இதற்கு அமெரிக்காவில் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கென் கைல்ஸ் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு நாசிலுக்கும் ஒரு மின்வால்வு. வினாடிக்குப் பத்து முறை திறந்து மூடும். அழுத்தம் மாறவே மாறாது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மட்டும் மாறும். மூடியிருக்கும் நேரத்தில் கோடு கோடாக இடைவெளி விழாதா? விழும். அதனால் பக்கத்து நாசில்களை மாற்றி மாற்றித் துடிக்கவைக்கிறார்கள். இது மூடும்போது அது திறந்திருக்கும். ஒன்றின் விசிறி அடுத்ததன் மேல் பாதிக்கு மேல் படிவதால் இடைவெளி நிரம்பிவிடுகிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: காற்று இழுக்கும் நாசிலுக்கு உள்ளோட்டம் அறுபடாமல் இருக்க வேண்டும். ஆகவே அதை இந்தத் துடிக்கும் வால்வோடு சேர்த்துப் போடுவது பொதுவாகச் சரிவராது. இரண்டும் நல்ல உத்திதான், ஆனால் ஒரே வீட்டில் ஒத்துப்போகாது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு ஆதங்கம் வருகிறது. பணக்காரர் பந்து உருட்டும் புல்லுக்கு இவ்வளவு யோசனை நடந்திருக்கிறது. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, தான் அடித்த மருந்துக்குள்ளேயே நடந்து போகிற நம் ஊர் ஆளுக்கு? உரக்கடையில் "டேங்குக்கு இத்தனை மில்லி" என்று சொல்வார்கள், எந்த நாசில் போடுவது என்று யாரும் வாய் திறப்பதில்லை. மருந்து வாசனை தெருமுனை வரைக்கும் வந்தால் நல்ல அடி என்று நம்புகிற ஊர் இது. வாசனை அங்கே வந்தால் மருந்தும் அங்கே வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். புது மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் போடக் கம்பெனிகள் இருக்கின்றன, இருக்கிற மருந்தைக் குறைவாகச் செலவழிக்கும் ஆராய்ச்சிக்கு எந்தக் கம்பெனி போடும்? அரசுதான் போட வேண்டும்.

வாசகருக்கு இரண்டு வேலை சொல்கிறேன். அந்தப் பக்கவாட்டு ஓட்டையில் என்றைக்காவது தண்ணீர் ஒழுகினால், கீழ் வாயில் குப்பை அடைத்திருக்கலாம், அல்லது அழுத்தம் போதவில்லை. கழற்றி, தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கவும். கம்பி விட்டுக் குத்தக்கூடாது, வாயால் ஊதவே கூடாது. இன்னொன்று, மாதம் ஒருமுறை டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே அளவு ஜாடி வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். சர்வதேச நிற முறைப்படி மஞ்சள் நாசில் 3 பாரில் நிமிடத்துக்கு 800 மில்லி தர வேண்டும். 880க்கு மேல் போனால் வாய் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.