அஞ்சாம் தர ஸ்கொலர்ஷிப்: வெட்டுப்புள்ளி வேற, பாஸ் வேற

இலங்கையில அஞ்சாம் தர ஸ்கொலர்ஷிப் பரீட்சை ரிசல்ட் வந்துச்சுன்னா எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன்ல பாதிப்பேருக்கு என் போன்ல தான் பாத்து சொல்லணும். சிக்னல் கெடைக்கிறது கோயில் மேட்டுல மட்டும், அதனால குடையப் புடிச்சிக்கிட்டு அங்க நின்னு ஒவ்வொரு சுட்டெண்ணா அடிச்சுப் பாக்குறது என் வேல. போன தடவ ஒரு அக்கா பறிச்ச கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு நேரா மேல ஏறி வந்தாங்க, இடுப்புல கட்டுன படங்கக் கூட அவுக்கல. "தம்பி, மகன் 118 தானாம், பெயிலா போயிட்டானே"ன்னு அழுகுறாங்க. பக்கத்துல அந்தப் பையன் நிமிந்து பாக்காம நிக்கிறான். பெயில் இல்லக்கா, பாஸ் தான்னு சொல்லி அவங்கள நம்ப வைக்கிறதுக்குள்ள இருட்டிருச்சு. அதுக்குத்தான் இத எழுதுறேன், அடுத்த வருஷம் யாரும் கோயில் மேட்டுல நின்னு அழுகக் கூடாது.

மொதல்ல பரீட்சை என்னன்னு பாப்போம். ரெண்டு பேப்பர், மொத்தம் 200 புள்ளி. மொதல் பேப்பர்ல 40 கேள்வி, நுண்ணறிவு மாதிரி, மூணு விடையில சரியானத கோடு போடணும். ரெண்டாம் பேப்பர்ல 60 கேள்வி, தமிழ், கணக்கு, சுற்றாடல், கூடவே கொஞ்சம் இங்கிலீசும் சிங்களமும் வரும். இப்ப சில வருஷமா ரெண்டாம் பேப்பர தான் காலையில மொதல்ல குடுக்குறாங்க, பிள்ளைங்க குழம்பிராம முன்னாடியே சொல்லி வைங்க.

இதுல 70 எடுத்தா பிள்ளை சித்தி, அதாவது பாஸ், சான்றிதழ்ல அப்படித்தான் இருக்கும். வெட்டுப்புள்ளிங்கிறது முழுக்க வேற கணக்கு. மாசம் மாசம் அரசாங்கம் குடுக்குற உதவிப்பணத்துக்கு எத்தன பேர எடுக்கலாம்னு ஒரு அளவு இருக்கு, மேல இருந்து அந்த அளவு வரைக்கும் எண்ணிக்கிட்டு வந்து எந்த எடத்துல நிக்குதோ அது தான் வெட்டுப்புள்ளி. அதனால தான் அது வருஷத்துக்கு வருஷம் மாறுது, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுது, சிங்கள மொழிமூலத்துக்கு ஒண்ணு தமிழ் மொழிமூலத்துக்கு ஒண்ணுன்னு வருது. நுவரெலியா பிள்ளையையும் கொழும்பு பிள்ளையையும் ஒரே கோட்டுல நிறுத்துறது இல்ல, வசதி கொறஞ்ச மாவட்டத்துக்கு கோடு கொஞ்சம் கீழ வரும். 2025 ஆகஸ்ட் 10ல நடந்த பரீட்சைக்கு மூணு லட்சத்துக்கு மேல பிள்ளைங்க விண்ணப்பிச்சாங்க, அதுல தமிழ் மொழிமூலம் மட்டும் 76 ஆயிரத்துக்கு மேல. வெட்டுப்புள்ளிய தாண்டுனது 100க்கு 17 பேர் மாதிரி தான். அப்ப மிச்சம் 83 பேரும் மக்குப் பிள்ளைங்களா? இப்படிக் கேட்டா தான் சில பேருக்கு வெளங்குது.

இன்னொரு குழப்பம் இருக்கு, படிச்சவங்களே இதுல தடுமாறுறாங்க. மாவட்ட வெட்டுப்புள்ளி தாண்டிட்டா நெனச்ச ஸ்கூல் கெடைச்சிரும்னு நெனைக்கிறோம்ல, அப்படி இல்ல. மாவட்ட வெட்டுப்புள்ளி உதவிப்பணத்துக்கு. ஆறாம் தரத்துக்கு பெரிய ஸ்கூலுக்குப் போறதுக்கு ஒவ்வொரு ஸ்கூலுக்கும் தனியா ஒரு வெட்டுப்புள்ளி வரும், அது பின்னாடி தான் வரும், அந்த ஸ்கூல்ல எத்தன எடம் இருக்கு எத்தன பேர் கேட்டிருக்காங்கன்றத வச்சு. கண்டி, கொழும்புல பேர் போன ஸ்கூலுக்கு மாவட்ட வெட்டுப்புள்ளிய விட நெறைய மேல இருக்கும். ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ தமிழ்ல படிக்கிற ஸ்கூலுக்கு கொறைவா இருக்கலாம். அதனால விண்ணப்பத்துல ஸ்கூல் பேர் போடும்போது எல்லாத்தையும் ஒசந்த ஸ்கூலா போட்டுட்டு உக்காராதீங்க, தெனம் போய் வரக்கூடிய தூரத்துல ஒண்ணாவது போடுங்க. ஹொஸ்டல் செலவ நெனச்சுப் பாத்துட்டு போடுங்க.

காசு விஷயத்துக்கு வருவோம். உதவிப்பணம் ரொம்ப நாளா மாசம் 750 ரூபா தான், 2025 பட்ஜெட்ல 1500 ஆக்குறதா அறிவிச்சாங்க. ஏ.எல் (உயர்தரம்) முடியுற வரைக்கும் வரக்கூடியது. ஆனா வெட்டுப்புள்ளி தாண்டுன எல்லாருக்கும் கெடைக்காது, அம்மா அப்பா வருமானம் ஒரு எல்லைக்குள்ள இருக்கணும். தோட்டத்துல பேர் போட்டு வேல செய்றவங்க சம்பளச் சீட்டையும் எடுத்துக்கிட்டு கிராம சேவகர்கிட்ட போய் வருமானத்த உறுதிப்படுத்தி வாங்கணும். சம்பளச் சீட்ட மாசம் மாசம் கிழிச்சுப் போடுற பழக்கம் நம்மகிட்ட உண்டு, அத விடுங்க.

சரி, 70க்கு மேல எடுத்து வெட்டுப்புள்ளிக்கு கீழ நிக்கிற பிள்ளை? 70க்கு கீழ எடுத்த பிள்ளை? ரெண்டுக்கும் ஒரே பதில், ஆறாம் தரம் அவங்களுக்கு உரிமை. இந்தப் பரீட்சை எழுதியே ஆகணும்னு கட்டாயம் கூட கெடையாது, ஆனா 5 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் ஸ்கூலுக்குப் போறது கட்டாயம், முந்தி 14 வரைக்கும்னு இருந்துச்சு, 2016ல கூட்டினாங்க. நம்ம பக்கம் அஞ்சாம் தரத்தோட முடியுற சின்ன ஸ்கூல் நெறைய இருக்கு, மூணாம் வகை ஸ்கூல்னு சொல்றது. அங்க படிச்ச பிள்ளை வேற ஸ்கூலுக்குப் போயே ஆகணும், அப்ப பக்கத்து ஸ்கூல்ல "ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணலியே"ன்னு யாராவது இழுத்தா நேரா வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் குடுங்க. வாயால சொல்லாம எழுத்துல குடுத்து, அதோட பிரதி ஒண்ணுல சீல் வாங்கிக்கிட்டு வாங்க. இலவசக் கல்வி 1945ல வந்தும் தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுக்க ஆரம்பிச்சது 1977க்கு அப்பறம் தான், அதுக்கு முன்னாடி ஒத்த வாத்தியார், ஒத்த கொட்டகை. அவ்வளவு பிந்தி கெடைச்ச உரிமைய யாரோ ஒருத்தர் வாயால சொன்னதுக்காக விட்டுட்டு வரக்கூடாது பாருங்க.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பெனர் கட்டுறாங்கல்ல, மூணு பிள்ளைங்க போட்டோ போட்டு. சந்தோஷம் தான், ஆனா ஒரு ஸ்கூல் எப்படிப் படிப்பிக்குதுன்னு அத வச்சு சொல்ல முடியாது. ஒரு பேச்சுக்கு 24 பேர் எழுதுனாங்கன்னு வச்சுக்குவோம், 3 பேர் வெட்டுப்புள்ளி தாண்டிட்டாங்க, 17 பேர் 70க்கு மேல, மிச்சம் 4 பேர் 70க்கும் கீழ. பெனர்ல 3 பேர். அந்த 17 தான் டீச்சரோட உழைப்பு. அந்த 4 பேரப் பத்தி தான் பெற்றோர் கூட்டத்துல கேக்கணும். யாரு அந்தப் பிள்ளைங்க? அம்மா வெளிநாட்டுல, அப்பா கொழும்புல கடையில, பாட்டிகிட்ட வளருற பிள்ளையா? ரெஜிஸ்டர்ல பாதி நாளு வராத பிள்ளையா? மூணாம் தரத்துலயே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாம இருந்து யாரும் கவனிக்காத பிள்ளையா? அஞ்சாம் தரம் வரைக்கும் ஸ்கூல்ல சாப்பாடு குடுக்குறாங்க, பொத்தகம் சும்மா, சீருடைத் துணி சும்மா, அப்படியும் வரலன்னா காரணம் வீட்டுல இருக்கும், இல்லன்னா ஏறி வர்ற பாதையில இருக்கும். பக்கத்து ஸ்கூலோட ஒப்பிட்டு "அங்க 12 பாஸ்"னு பேசுறவங்க, அங்க எத்தன பேர் எழுதுனாங்க, அதுல எத்தன பேர் டவுன்ல டியூசன் போனவங்கன்னும் கேக்கணும். டவுன் கடைக்காரர் பிள்ளையும் மலை உச்சி டிவிஷன் பிள்ளையும் எழுதுறது ஒரே பேப்பர், ஆனா ரெண்டு பேரும் வந்த தூரம் ஒண்ணு இல்ல.

புள்ளியில சந்தேகம்னா மீள் திருத்தத்துக்குப் போடலாம். ரிசல்ட்டோட சேத்து திகதி அறிவிப்பாங்க, கொஞ்ச நாள் தான் குடுப்பாங்க, அதிபர்கிட்ட அன்னைக்கே கேட்டுருங்க. 2024 செப்டம்பர் பரீட்சையில மூணு கேள்வி முன்னாடியே வெளியானதுன்னு கோர்ட்டு வரைக்கும் போய், டிசம்பர் 31ல தான் தீர்ப்பு வந்துச்சு, அதுக்கப்பறம் தான் அந்த மூணுக்கும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் புள்ளி குடுக்க பரீட்சைத் திணைக்களம் முடிவெடுத்துச்சு, அது வரைக்கும் பத்து வயசுப் பிள்ளைங்க ரிசல்ட்ட பாத்துக்கிட்டே கெடந்தாங்க.

கடைசியா ஒண்ணு, பிறப்புச் சான்றிதழ். நம்மாளுங்களுக்கு பாதி சான்றிதழ் சிங்களத்துல இருக்கும், எழுதுனவர் காதுல விழுந்த மாதிரி பேர் இருக்கும். அதுல ஒரு பேர், ஸ்கூல் ரெஜிஸ்டர்ல ஒரு பேர், அப்பாவோட ஐடென்டி கார்டுல இன்னொரு பேர்னு இருந்தா உதவிப்பணம் போடுற நேரம் தான் பிரச்சின கெளம்பும். பிள்ளை நாலாம் தரத்துல இருக்கும்போதே மூணையும் மேசையில வச்சு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாத்துருங்க. அந்த 118 பையன் வீட்டுலயும் அதத்தான் இப்ப பாத்துக்கிட்டு இருக்கோம், அவன் தங்கச்சிக்கு அடுத்த வருஷம் பரீட்சை.