உருவமற்றது அல்ல, உடலிலி

இரண்டு வாரம் முன்பு சனிக்கிழமை இரவு, வேளச்சேரியில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் ஐந்து பேர் டைஸும் கேரக்டர் ஷீட்டுமாக உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மூன்றரைப் பதிப்பு: ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம். விதிகளை முடிந்தவரை தமிழிலேயே சொல்லி ஆடுவது எங்கள் வழக்கம். பாழடைந்த கோட்டையின் இரண்டாவது கூடத்தில் கால் வைத்ததும் சுவருக்குள்ளிருந்து ஒரு பேய் வெளியே வந்தது. கதையை நடத்தும் டிஎம் கையில் இருந்தது யாரோ மொழிபெயர்த்து வாட்ஸப்பில் சுற்றுக்கு விட்ட விதித்தாள். அதைப் பார்த்து, "இது உருவமற்றது, சாதா வாள் வேலைக்காகாது" என்றார். எதிரே இருந்த தம்பி உடனே கேட்டான்: "உருவமே இல்லன்னா நான் எப்படிண்ணா அதைப் பார்த்தேன்? அப்ப இது இன்விசிபிளா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியே அரை மணி நேரம் போய்விட்டது. விதிநூலில் இப்படிப்பட்ட பேயைச் சொல்லும் இன்கார்போரியல் என்ற ஆங்கிலச் சொல்லை "உருவமற்ற" என்று தமிழாக்கி நான் பார்ப்பது இது நான்காவது இடம். இனியும் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

சொல்லின் பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. லத்தீனில் கார்புஸ் என்றால் உடல். முன்னால் 'இன்' ஒட்டினால் இல்லை என்று பொருள். பிணத்தைச் சொல்லும் கார்ப்ஸ், நிறுவனத்தைச் சொல்லும் கார்ப்பரேட் எல்லாம் இதே குடும்பம். நம்மூர்க்காரர்களுக்கு இந்த வேர் புதியதும் அல்ல. கார்ப்பரேஷன் தண்ணி, கார்ப்பரேஷன் ஸ்கூல் என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதன் வயிற்றிலும் கார்புஸ்தான் இருக்கிறது. 1688இல் சென்னைக்கு கார்ப்பரேஷன் அமைந்தது என்றால், பல ஆட்களைச் சட்டத்தின் கண்ணுக்கு ஓர் உடலாக்கினார்கள் என்று பொருள். ஆக, இன்கார்போரியல் என்பது உடல் இல்லாதது. உருவத்தைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்கவில்லை.

உடலும் உருவமும் ஒன்றா? தமிழில் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. கண்ணாடியில் தெரிவது என் உருவம். என் உடல் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. சினிமாத் திரையில் உருவம் உண்டு, தொட்டால் துணிதான். சைவர்கள் இறைவனின் நிலையை அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரித்து, லிங்கத்தை அருவுருவத்தில் வைத்தார்கள். அங்கே உருவம் என்பது கண்ணுக்குப் புலப்படுவது, அருவம் என்பது புலப்படாதது. இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்த மொழியில், கண்முன்னே வெள்ளையாக நிற்கும் பேயை "உருவமற்றது" என்று எழுத எப்படிக் கை வருகிறது?

ஆட்டத்தில் இது வெறும் சொல்லழகுப் பிரச்சினை இல்லை. கண்ணுக்குத் தெரியாத நிலைக்கு, அதாவது இன்விசிபிளுக்குத் தனி விதி இருக்கிறது. மூன்றரைப் பதிப்பில், கண்ணுக்குத் தெரியாத எதிரியை அடித்தால் அடி தவற 50 சதவீத வாய்ப்பு. இன்கார்போரியல் எதிரியை மந்திர வாளால் அடித்தால், அடி பட்டும் டேமேஜ் இறங்காமல் போக அதே 50 சதவீதம். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைக்கத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத திருடன் எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்று சரியாக ஊகித்தால் சமையலறைக் கத்தியும் அவனை வெட்டும். பேயோ பட்டப்பகலில் எதிரே நின்றாலும் மந்திரம் ஏறாத கத்தி அதை ஒன்றும் செய்யாது. அன்று இரவு தம்பி "உருவமற்ற" என்பதை நம்பி, மாவு மூட்டையை அவிழ்த்துப் பேயின் மேல் வீசுவதாகச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத ஆளாக இருந்தால் அருமையான யோசனை. இங்கே மாவு பேயின் ஊடே போய்த் தரையில் விழுந்தது, அவனுடைய முறையும் வீணானது. அவன் மேல் தப்பே இல்லை. தப்பு சொல்லின் மேல்.

வேறு சிலர் "பேய்த்தன்மை" என்கிறார்கள். இதுவும் ஆகாது. விதிநூலில் இன்கார்போரியல் என்பது ஓர் உயிர்வகையின் மேல் ஒட்டும் துணைவகை. எலும்புக்கூடும் ரத்தக்காட்டேரியும் செத்தபின் எழுந்தவைதான், ஆனால் கெட்டியான உடம்போடு எழுந்தவை. தமிழ்ப் பேய்க்கும் நெடுநாளாக உடம்பு உண்டு. திருவாலங்காட்டுப் பேயைப் பாடிய காரைக்கால் அம்மையார் நரம்பெழுந்து வயிறு குழிந்த ஓர் உடம்பைத்தான் காட்டுகிறார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியில் வாடுகின்றன, போர்க்களத்தில் கூழ் அடுகின்றன, பரிமாறி உண்கின்றன. உடல் இல்லாததற்குப் பசி எங்கிருந்து வரும்? ஆகவே பேய் என்று சொல்லிவிட்டதால் உடல் இல்லை என்று ஆகிவிடாது.

"ஆவிவடிவம்" என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. செத்தவரை ஆவி என்போம், இட்லிப் பானையில் எழுவதையும் ஆவி என்போம். அந்த இரண்டாவது பொருள்தான் இடிக்கிறது. விதிநூலில் புகைபோல வாயுவாக மாறும் மந்திரம் தனியாக இருக்கிறது. காட்டேரியும் அப்படி மாறும். வாயுவாக மாறியவன் சாவித்துவாரம் வழியே, கதவிடுக்கு வழியே போகலாம். சுவருக்குள் போக முடியாது. "ஆவிவடிவம்" என்ற பெயரை அதற்கு விட்டுவைப்பதுதான் முறை.

வடமொழியில் அசரீரி என்பது நேர்ப்பொருளில் இதே சொல்தான்: சரீரம் இல்லாதது. ஆனால் தமிழில் அது வானத்திலிருந்து கேட்கும் குரலாகிவிட்டது. புராணக் கதை கேட்டு வளர்ந்த யாரிடமும் "அசரீரி வந்தது" என்றால் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். மன்மதனுக்கு அனங்கன் என்று ஒரு பெயர். திருக்குறுக்கையில் சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்தபின் அங்கம் இல்லாதவன் ஆனான். அழகான சொல், ஆனால் அவனுக்கே உரியதாகிவிட்டது. அதைப் பறிக்க வேண்டாம்.

இனி "மெய்யிலி". இதற்காக வாதாடுபவர்களை நான் மதிக்கிறேன். தமிழ்ப்பற்றோடு உட்கார்ந்து யோசித்து வந்த சொல் இது. மெய் என்றால் உடம்பு என்பது பழைய, உறுதியான பொருள். மெய்சிலிர்த்தது, மெய்க்காப்பாளர் என்று இன்றும் வாழ்கிறது. இலக்கணக்காரர்களும் எழுத்தை உயிர், மெய் என்று பிரித்தபோது உயிரும் உடம்புமாகத்தான் பிரித்தார்கள். அதனால் உயிர் மட்டும் மிஞ்சி மெய் இல்லாமல் நிற்பது மெய்யிலி என்று ஒரு நண்பர் சொன்னபோது ஒரு கணம் நானே அசந்துபோனேன்.

ஆனாலும் ஏற்க முடியவில்லை. மெய் என்று தனியாகச் சொன்னால் இன்றைய காதில் முதலில் விழுவது உண்மை. மெய்யிலி என்றால் உண்மை இல்லாதது, பொய்த்தோற்றம். மந்திரவாதி உண்டாக்கும் பொய்த்தோற்றங்களுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு முழு மந்திரப் பிரிவே இருக்கிறது. அவற்றை எதிர்கொண்டால் மன உறுதிக்கு டைஸ் உருட்டி, "நான் நம்பவில்லை" என்று உதறிவிடலாம். "எதிரே ஒரு மெய்யிலி" என்று டிஎம் சொன்னால் விவரம் தெரிந்த ஆட்டக்காரர் நம்ப மறுத்து டைஸை உருட்டத்தான் பார்ப்பார். பேயோ முழுக்க முழுக்க நிஜம். அது தொட்டால் உயிர்ச்சக்தி குறையும். தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்கும் இடம் இது. எனக்குத் தூய்மையும் வேண்டும். ஆனால் மேசையைச் சுற்றி ஐந்து பேர் காத்திருக்கும்போது தெளிவுதான் முதலில் வேண்டும். நல்ல வேளையாக இங்கே இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

உடலிலி. உடல் பழந்தமிழ், சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வேறு பொருளுக்கு இழுபடாது. இலி என்ற விகுதியும் நாமெல்லாம் பள்ளியில் படித்ததுதான்: முதுகெலும்பிலி. மண்புழுவையும் நத்தையையும் அப்படிச் சொல்லப் பழகிய நாக்கு உடலிலி என்று சொல்லத் தடுமாறாது. நிலையைச் சொல்ல உடலின்மை. எதிர்ப்பதம் உடலுள்ளது. பன்மை உடலிலிகள்.

"உடலற்ற" என்று ஏன் கூடாது என்பார்கள். அற்ற என்பது அறு என்ற வினையிலிருந்து வருகிறது. இருந்தது அறுந்துபோன வாடை அதில் வீசுகிறது. உடலற்ற என்றால் எனக்குத் துண்டான தலைதான் கண்முன் வருகிறது. தவிர, இந்த 'அற்ற' இன்றைய மொழிபெயர்ப்புகளில் தொற்றுநோய்போலப் பரவிவிட்டது. ஆங்கிலச் சொல்லின் முன்னால் மறுப்பு ஒட்டு தெரிந்தால் போதும், பின்னால் ஓர் 'அற்ற' போட்டு மூடிவிடுகிறார்கள். பருப்பொருளால் ஆகாதது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பொருளற்ற பேய்" என்று ஒரு தாளில் படித்தேன். பொருளற்ற என்றால் அர்த்தமில்லாத என்றல்லவா ஆகிறது!

சூக்கும உடல் உண்டே, பேய்க்கு உடலே இல்லை என்று எப்படிச் சொல்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். நம் தத்துவப்படி அவர் சொல்வது சரி. பருவுடல் போனாலும் நுண்ணுடல் உண்டு. ஆனால் விதிநூல் பேசுவது பருவுடலை மட்டும்தான். பேச்சுவழக்கில் உடல் என்றாலும் அதுதான்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு விதியைப் படித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் தானே விளங்கும். உடலிலிக்கு உடல் வலிமை என்ற மதிப்பே கிடையாது, ஏனென்றால் தசை இல்லை. அதை மல்லுக்கட்டிப் பிடிக்கவோ காலைத் தட்டி விழுத்தவோ முடியாது. எடை இல்லை, ஆகவே மிதித்தால் திறக்கும் பொறி அதன் கீழே திறக்காது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம் பாட்டிமார் சொன்னது அப்படியே விதியாக இருக்கிறது. அதன் அடி கவசத்தையும் கேடயத்தையும் ஊடுருவும். சுவருக்குள் நுழையும், ஆனால் தன் அளவைவிடத் தடித்த மதிலைக் கடந்து மறுபக்கம் போக முடியாது; வெளிப்பரப்பை ஒட்டியே இருந்தாக வேண்டும். புனித நீர் மந்திரம் அல்ல என்றாலும் செத்தெழுந்த உடலிலிகளைச் சுடும்.

இந்த ஆட்டத்திலிருந்து கிளைத்து 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டம், பாதி வாய்ப்பு என்பதை எடுத்துவிட்டு, மந்திர வாள் பட்டால் பாதி டேமேஜ் என்று ஆக்கியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பில் அந்தத் துணைவகையே இல்லை. பொருள்களின் ஊடே நகரும் திறனுக்கு மட்டும் இந்தப் பெயர் மிஞ்சியது. அங்கே பேய் தன் முறையைச் சுவருக்குள் முடித்தால் பேய்க்கே காயம். அதை "உடலிலி நகர்வு" எனலாம். "உருவமற்ற நகர்வு" என்று எழுதினால் பதுங்கிப் பதுங்கிப் போவதாகத்தான் படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் ஆட்டத்தை ஒருமுறையாவது ஆடிவிட்டு எழுத வேண்டும். பேயையும் தடையில்லாமல் வெட்டக்கூடிய வாளை அந்தத் தாள் "பேய் தீண்டிய வாள்" என்கிறது. யார் யாரைத் தொடுவது? பேய் வாளைத் தொட்டு என்ன ஆகப்போகிறது? வாள்தான் பேயைத் தொட வேண்டும்: பேய்தொடு வாள். உடலிலிகளை முழுசாகத் தாக்கும் மந்திர விசையை "வலிமைத் தாக்குதல்" என்று எழுதி, உடல் வலிமையோடு குழப்பியிருக்கிறார்கள். ஃபோர்ஸ் என்றால் விசை என்று பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. அகராதியின் முதல் வரியோடு நிறுத்திவிட்டால் இப்படித்தான் வரும்.

தாள் முழுவதையும் உட்கார்ந்து திருத்தினேன். நேற்று இரவு அதே மாடி, அதே கோட்டை. மூன்றாவது கூடத்தில் சுவர் மங்கலாக ஒளிர்ந்தது. "உடலிலி" என்றார் டிஎம். தம்பி எதுவும் கேட்கவில்லை. வாளை உறையில் போட்டுவிட்டுப் புனித நீர்க் குப்பியைத் திறந்தான்.