தாத்தாவின் பேனாக்கத்தியைக் கிரைண்டரில் வைக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட லயத்து வீடுகளைக் காலி செய்யும்போது, தகரப் பெட்டியின் அடியில் ஒரு மடக்குக்கத்தி அகப்படுவது அபூர்வமல்ல. உடனே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பளபளவென்று தேய்த்து வாங்கிவிடுகிறார்கள். வயதைச் சொல்லும் எழுத்துகளும் அதோடு போய்விடும். அப்படி மொட்டையாக வரும் கத்தியைப் பார்த்து ‘பழசு’ என்பதற்குமேல், பழைய கத்திகளை மதிப்பிடும் நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

எழுத்து இருப்பது அலகின் அடியில், பிடியோடு சேரும் இடத்தில். திறக்க வரவில்லையென்றால் அச்சாணியில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் நகப்பள்ளத்தில் நகம் வைத்து மெல்ல இழுங்கள். குறடு போட்டால் முதுகு ஸ்பிரிங் ஒடியும். சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் எலும்புப் பிடி வெடிக்கும். திறந்த பிறகு துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள். தேய்ந்த எழுத்தின்மேல் முகப்பவுடரைத் தடவி விரலால் வழித்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அலகின் இரு பக்கமும் பாருங்கள். ஊர்ப் பெயர் பல நேரம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

காலத்தைக் கணிக்க ஒரே விதி: கத்தியில் உள்ள அடையாளங்களில் எது ஆகப் புதியதோ, அதற்கு முன்னால் கத்தி இல்லை. ‘1910-இல் துரை கொடுத்தது’ என்று வீட்டில் சொல்வார்கள். அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று இருந்தால் கதை நிற்காது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கியதே 1913-இல். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றால் 1949-க்குப் பின். சுவிஸ் கத்தியில் ‘விக்டோரினாக்ஸ்’ என்றால் 1921-க்கு முன் இல்லை.

ஷெஃபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் (Rodgers) கம்பெனிக் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும். இந்தப் பெயருக்குப் போலி அதிகம்; பெயரின் நடுவில் ‘டி’ (d) எழுத்து விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிரீடத்தோடு ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா, 1837–1901. ‘ஜி ஆர்’ மட்டும் போதாது. ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா என்பதை எஃகும் பிடியும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோழிக்கால் தடம்போல மூன்று கோட்டு அம்பும், கட்டம் போட்ட கறுப்புப் பிடியும், முதுகில் தடித்த முள்ளும் இருந்தால் அது பிரிட்டிஷ் ராணுவக் கத்தி. பெரும்பாலும் ஆண்டையே அடித்திருப்பார்கள். அது செய்த ஆண்டு. வீட்டுக்கு வந்த ஆண்டல்ல. 1944 கத்தி மலாயா அவசரகாலத்தில், அதாவது 1948-க்குப் பிறகுகூட வந்திருக்கலாம். பிடியின் கோடியில் பட்டை உரிக்கும் தட்டையான நாக்கு இருந்தால் அது ஒட்டுக்கத்தி. ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டிய கை யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எங்களுக்குப் பிடித்த ரகம் இதுதான், சந்தையில் விலை போகாவிட்டாலும்.

பிடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிறு கறும்புள்ளிகள், கீறல்கள் இருந்தால் எலும்பு. நேர்நேராக இணைகோடுகள் ஓடினால் தந்தம்போல் செய்த செல்லுலாய்டு. குறுக்கும் நெடுக்குமாக வளைகோடுகள் பின்னினால் தந்தம். அதை விற்கச் சட்டத் தடை உண்டு. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழைய வழி வேண்டவே வேண்டாம், செல்லுலாய்டு பற்றி எரியும். அது சிதையும்போது கற்பூர வாடை வரும், பித்தளைத் தகட்டில் பச்சை பூக்கும், வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும். அதைத் தனியாக, காற்றாட வையுங்கள். தோல் உறையில் எந்தக் கத்தியையும் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் தோல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும்.

சாம்பல் நிறம் படிந்த அலகு கெட்டுப்போனதல்ல, அப்படியே விடுங்கள். செந்துருவை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து அச்சாணி இறுகும்.

மதிப்பீட்டுக்குக் கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதலில் படம் அனுப்புங்கள்: மூடிய நிலை, திறந்த நிலை, எழுத்தின் இரு பக்கம், பக்கத்தில் ஓர் அடிக்கோல்.